மலைக்குக் கட்டிய தலைப்பாகை

தெமோதரை நிலையத்திலிருந்து பதுளைக்குப் புறப்படும் ரயில் முதலில் எங்கே போகிறது தெரியுமா? அதே நிலையத்துக்கு அடியில்! மேடையை விட்ட வண்டி குன்றை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, நிலையத்தின் காலடியில் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைப் பக்கம் போய்விடுகிறது.

எதற்கு இந்தச் சுற்று? காரணம் சக்கரத்தில் இருக்கிறது. ரயில் சக்கரமும் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. இரண்டும் தொடும் இடம் ஒரு நாணய அளவுதான். உராய்வு குறைவு என்பதால்தான் ஒரே எஞ்சின் அத்தனை பெட்டிகளையும் இழுக்கிறது. ஆனால் சரிவில் அந்த வரமே வினையாகிறது. பனியும் தூறலும் தண்டவாளத்தை நனைத்தால் சக்கரம் வழுக்கும். அதற்காகவே எஞ்சின் சக்கரத்தின் முன்னால் மணல் தூவ ஏற்பாடு உண்டு.

பஸ்ஸுக்கு இந்தக் கவலை இல்லை. ரப்பர் டயர் தாரைக் கவ்விப் பிடிக்கும். அதனால் எல்ல, பதுளை வீதிகளில் பஸ்ஸும் முச்சக்கர வண்டியும் செங்குத்தாகவே இறங்கிவிடும். இந்த ரயில் பாதையிலோ 44 அடி ஓடினால் 1 அடிதான் ஏறலாம், இறங்கலாம். 100 அடி இறங்க 4,400 அடிப் பாதை வேண்டும். நீலகிரி ரயில் பல்சக்கரத்தின் துணையோடு ஏறத்தாழ 12 அடிக்கு 1 அடி ஏறுகிறது. இங்கே பல்சக்கரம் கிடையாது. இடம் போதாத மலையில் நீளத்துக்கு எங்கே போவது? வளைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை பிறந்தது என்று மலையகத்தில் ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, உவமை அச்சு அசலானது. நீளத் துணி சிறு தலையில் அடங்குவதுபோல், நீளப் பாதை சிறு குன்றில் அடங்கியிருக்கிறது.

தோட்டங்களின் தேயிலையைக் கொழும்புத் துறைமுகத்தில் சேர்க்க நீண்ட பாதை இது. 1894இல் பண்டாரவளையைத் தொட்டது; அங்கிருந்து பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் முடிந்தது. சுமார் 1,890 மீட்டர் உயரத்துப் பட்டிப்பொலவிலிருந்து பதுளைக்கு வருவதற்குள் ரயில் ஏறத்தாழ 1,200 மீட்டர் இறங்கிவிடுகிறது.

கொழும்பிலிருந்து 290 கிலோமீட்டருக்குப் பத்து மணி நேரமா என்று பயணிகள் சலித்துக்கொள்வதுண்டு. அது சோம்பல் அல்ல. மலை கேட்கும் மரியாதை.

பெட்டிக்குள் இருப்பவருக்கு அந்தச் சுற்று முழுதாகத் தெரியாது. வளைவு, இருட்டு, மறுபடி வெளிச்சம், அவ்வளவுதான். எதிர் மலையில் கொழுந்து பறிப்பவருக்கோ மேலே நிலையம், கீழே சுரங்க வாய், நடுவே ஊரும் ரயில் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். ஊவாவுக்கு வருகிறவர்கள் ஒருமுறை தெமோதரையில் இறங்கி, கொழுந்து பறிப்பவர் நிற்கும் இடத்தில் நின்று அடுத்த ரயிலைப் பாருங்கள்.