பாட்டுக்கு வேலியா?

புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டைக்கு அண்மையில் ஒரு திருமணத்தின் பொருட்டுச் சென்றிருந்தோம். பந்தலிலே நல்ல மேளம். தாலி கட்டி முடிந்து, பந்தி நடந்துகொண்டிருந்த வேளையில், தவில் வாசித்தவரின் இளைய மகன் நம்மைத் தேடி வந்தார். இருபத்திரண்டு வயதிருக்கும். கையில் ஒரு மடிக்கணினி. அண்ணன் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அரசு கொடுத்தது. மூலை உடைந்து, பிசின் நாடாவால் ஒட்டப்பட்டிருந்தது.

"ஐயா, அரசியலெல்லாம் எழுதுறீங்க. இதையும் எழுதுங்க" என்றார்.

எது என்று கேட்டோம். சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் எட்டு மாதம் எடுபிடி வேலை பார்த்திருக்கிறார். இரவில் கூடம் காலியாக இருக்கும்போது அங்குள்ள கணிப்பொறியைத் தொட அனுமதி கிடைத்திருக்கிறது. தந்தையை ஒருநாள் அழைத்துப்போய்த் தவிலைப் பதிவு செய்து, அதன்மேல் தாமே ஒரு மெட்டமைத்து, நாகசுரம், வயலின், பறை என்று பதினான்கு அடுக்காகக் கோத்து ஒரு பாடலை ஆக்கியிருக்கிறார். வேலை முடிந்து ஊர் திரும்பும்போது அதைப் பிரதி எடுத்து வந்தார். வீட்டுக் கணினியில் போட்டால் திறக்கவில்லை! அந்த மென்பொருள் அதை ஆக்கிய நிறுவனத்தின் கணிப்பொறியில் மட்டுமே ஓடுமாம்.

"தனித்தனித் துண்டா சத்தம் கிடைக்குது ஐயா. கோத்தது கிடைக்கல."

பூ இருக்கிறது, மாலை இல்லை. எந்தக் கூடம், எந்த மென்பொருள் என்பது இங்கே வேண்டியதில்லை. ஒருவரைக் குற்றக் கூண்டிலேற்றுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால், அவர் கேட்ட கேள்வி நம்மை விடவில்லை. கணிப்பொறி விற்கும் நிறுவனம், தன் இசை மென்பொருளைப் போட்டியாளரின் பொறியிலும் ஓடவிட வேண்டுமா, வேண்டாமா?

அமெரிக்க முதலாளிகளின் அங்காடிச் சண்டை, வல்லத்திராக்கோட்டைக்கு இதனால் வந்தது என்ன என்று கேட்பார்கள் சிலர். வந்திருக்கிறது. உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்றையே பார்ப்போம்.

லாஜிக் என்பது இசையமைக்கும் மென்பொருள். நம் ஏ. ஆர். ரகுமான் பயன்படுத்துவது என்பதால் தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு அதன் பெயர் தெரியும். அதைப் பெற்றெடுத்தது ஆப்பிள் அன்று. ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்கு அருகேயிருந்த ஈமேஜிக் என்ற சிறு நிறுவனம். ஆப்பிளின் மெக்கிண்டாஷ் கணினியிலும் ஓடிற்று; மைக்ரோசாப்டின் விண்டோஸ் கணினியிலும் ஓடிற்று. 2002 சூலையில் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கியது. வாங்கிய அன்றே அறிவிப்பும் வந்தது: செப்டம்பர் 30-உடன் விண்டோஸ் பதிப்பு நிறுத்தப்படும் என்று. ஈமேஜிக்கின் வருவாயில் 65 விழுக்காட்டுக்கு மேல் மெக்கிண்டாஷ் வழி வருவதாக அந்த அறிவிப்பே கூறிற்று. அப்படியானால் மீதி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு? அந்த வருவாயைக் கொடுத்தவர்களும் காசு கொடுத்து வாங்கியவர்கள்தாமே! பழகிய கருவியை விடு, அல்லது புதுப் பொறி வாங்கு என்று மூன்றே மாதத் தவணை தரப்பட்டது அவர்களுக்கு.

அடுத்த ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். பாட்டு விற்கும் ஐடியூன்ஸ் கடையை 2003 ஏப்ரலில் ஆப்பிள் திறந்தது. முதலில் மெக்கிண்டாஷ் வைத்திருப்போர்க்கு மட்டும். விண்டோசுக்குக் கொடுப்பதை ஸ்டீவ் ஜாப்ஸ் கடுமையாக எதிர்த்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய வால்டர் ஐசக்சன் கூறுகிறார். ஆனால் பாட்டும் ஐபாடும் விற்கவேண்டுமே! ஆப்பிள் கணினி வாங்கியோர் நூற்றுக்குச் சிலர்; விண்டோஸ் வைத்திருந்தோர் நூற்றுக்குத் தொண்ணூறு பேர்க்கு மேல். 2003 அக்டோபர் 16-இல் ஐடியூன்ஸ் விண்டோசுக்கு வந்தது. நரகம் உறைந்துவிட்டது என்று நகைச்சுவையாக மேடையில் எழுதிக்காட்டினார்கள். மூன்றரை நாளில் பத்து இலட்சம் பேர் இறக்கிக்கொண்டார்கள். 2015-இல் ஆப்பிளின் பாட்டுச் சேவை ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் போயிற்று.

ஆக, கதவைத் திறக்கவே முடியாது என்பதன்று செய்தி. பாட்டை விற்கும் கடைக்குக் கதவு திறந்தது. பாட்டை ஆக்கும் பட்டறைக்குக் கதவு மூடியது. கேட்பவனாக வா, வரவேற்போம்; ஆக்குபவனாக வருவதாயின் எங்கள் பொறியை வாங்கிக்கொண்டு வா! இதுதான் அந்த வணிகத்தின் உட்பொருள் என்று கூறினால் மறுப்பவர் யார்?

மறுப்பவர் உண்டு. அவர்கள் வாதத்தையும் வைப்போம். லாஜிக் 2011 முதல் 200 டாலருக்கு விற்கப்பட்டது. அதற்கு முன்பு அதன் விலை பன்மடங்கு. பொறியில் வரும் இலாபத்தினால்தான் மென்பொருளை மலிவாகத் தரமுடிகிறது என்கிறார்கள். உண்மைதான். பொறியும் மென்பொருளும் ஒரே கையால் ஆக்கப்படும்போது விரலால் தட்டியதற்கும் ஒலி பிறப்பதற்கும் இடையே தாமதம் குறைகிறது, இதுவும் உண்மை. ஆயிரம் வகை விண்டோஸ் கணினிகளுக்கும் ஒலி அட்டைகளுக்கும் ஒத்துப்போகச் செய்வது செலவும் தலைவலியும் பிடித்த வேலை. தன் உழைப்பால் ஆன பொருளை எங்கே விற்பது என்று முடிவு செய்யும் உரிமை ஆக்கியவருக்கு இல்லையா என்றும் கேட்கிறார்கள்.

இருக்கிறது. ஆனால், முடியாத வேலை என்று மட்டும் சொல்லவேண்டாம். அதே ஹாம்பர்க் நகரத்து ஸ்டைன்பர்க் நிறுவனம் க்யூபேஸ் என்னும் மென்பொருளை இரண்டு பொறிக்கும் தருகிறது. விண்டோசிலேயே பிறந்து வளர்ந்த எஃப்.எல். ஸ்டூடியோ 2018-இல் மெக்கிண்டாஷுக்கும் வந்தது. அந்தப் பெல்ஜிய நாட்டு நிறுவனம் அதனால் முழுகிவிடவில்லை.

முழுகியவர் கதை வேறு. எடிசனுடையது. ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கலையைக் கண்டுபிடித்தவரே அவர்தாம். 1912-இல் வைர ஊசி கொண்டு இசைக்கும் தட்டுகளை வெளியிட்டார். தடிமனான தட்டு, தெளிவான ஒலி. மற்ற நிறுவனத் தட்டுகளைவிட மேலானது என்று அந்நாளிலேயே புகழப்பட்டது. ஆனால் பள்ளத்தை வெட்டும் முறை வேறு. எடிசன் பெட்டியில் வைத்தால்தான் பாடும். எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன் தட்டுகளோ ஒன்றின் பெட்டியில் மற்றொன்றும் சுழன்றன. நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் திருமண வீடுகளிலும் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாடினார்களே, அது நிறுவனம் பார்த்தா பாடினார்கள்? எடிசன் 1929-இல் தட்டுத் தொழிலையே விட்டுவிட்டார். அவர் கடையை மூட வேறு காரணங்களும் உண்டு. வேலியும் ஒரு காரணம்.

போட்டியாளர் கைகோத்த கதையும் இருக்கிறது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுதாரோ காகெஹாஷி இருவரும் மின்னிசைக் கருவி விற்பதில் எதிரெதிர்க் கடைக்காரர்கள். ஒருவர் கருவி மற்றவர் கருவியோடு பேசட்டும் என்று முன்னின்று முயன்றார்கள். 1983 சனவரியில் இரண்டு கருவிகளையும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். மிடி என்னும் அந்தப் பொதுமொழிக்கு உரிமைக் கட்டணம் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகின் ஒலிப்பதிவுக் கூடங்களெல்லாம் அதில்தான் பேசிக்கொள்கின்றன.

அவ்வளவு தொலைவு ஏன் போகவேண்டும்? வல்லத்திராக்கோட்டை இருக்கும் அதே மாவட்டத்தில் குடுமியான்மலை இருக்கிறது. குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டினது என்பர் ஆய்வாளர். மகேந்திரவர்மன் வெட்டுவித்தது என்பாரும் உண்டு, அதை ஒப்பாதாரும் உண்டு. உருத்திராச்சாரியாரின் மாணவனான மன்னன் ஒருவன், கற்போர் நலனுக்காகச் சுரக் கோவைகளை ஆக்கியதாக அது சொல்கிறது. சுரமெல்லாம் கிரந்த எழுத்து. கடைசியில் மட்டும் தமிழில் ஒரு குறிப்பு: இவை எட்டுக்கும் உரியன, ஏழுக்கும் உரியன என்பது அதன் கருத்து. எட்டு நரம்பு யாழுக்கும் ஏழு நரம்பு யாழுக்கும் பொருந்தும் என்று அறிஞர் பொருள் கொள்கிறார்கள். எட்டு நரம்பு வைத்திருப்பவனுக்கு மட்டும் என்று அந்த மன்னன் எழுதவில்லை; அதையும் ஏட்டில் எழுதிப் பூட்டாமல், போவோர் வருவோர் காணும் பாறையில் வெட்டினான்.

மன்னன் பாறையில் வெட்டினான் என்பதற்காக, ஆப்பிள் தன் மென்பொருளை நாளைக்கே விண்டோசுக்குத் தரவேண்டுமென்று சட்டம் போடச் சொல்லவில்லை நாம். தருவது நல்லது, வணிகத்துக்கும் நல்லது என்பது நம் கருத்து. தரமாட்டோம் என்றால் அது அவர்கள் உரிமை. ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. மென்பொருள் நிறுவனத்துடையது, அதில் ஒருவன் கோத்த பாட்டு அவனுடையது. எத்தனை அடுக்கு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதில் ஒலி ஏறுகிறது, எதில் இறங்குகிறது என்பவையெல்லாம் அவன் உழைப்பு. அவன் எந்தப் பொறிக்குப் போனாலும் அதை எடுத்துச் செல்ல வழி இருக்கவேண்டும். குடியிருந்த வீட்டைக் காலி செய்பவன் தன் பாத்திரத்தை எடுத்துப்போகக்கூடாது என்று எந்த வீட்டுக்காரராவது சொல்வாரா?

நம் அரசுக்கும் ஒன்று. 2011 முதல் இலட்சக்கணக்கான மாணவர்க்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோசோடு, சி-டாக் நிறுவனம் ஆக்கிய பாஸ் லினக்சும் சேர்த்துத் தரப்பட்டது. ஆர்டர், எல்.எம்.எம்.எஸ். என்று கட்டற்ற இசை மென்பொருள்கள் லினக்சில் ஓடும், எல்.எம்.எம்.எஸ். விண்டோசிலும் ஓடும், விலை கிடையாது. இனி வழங்கும் கணினிகளில் இவற்றைப் பதிந்து, தமிழில் ஒரு கையேடும் சேர்த்துத் தந்தால் கருவூலம் ஒன்றும் காலியாகிவிடாது. இசைப் பள்ளிகளில் ஒரே நிறுவனத்தின் மென்பொருளை மட்டும் பழக்குவதும் வேண்டாம். தவில்காரர் மகன் ஊர் திரும்பினால் அங்கே என்ன பொறி இருக்கும் என்று எண்ணிப் பார்த்துப் பாடம் வைக்கவேண்டும்.

நாம் விடைபெறும்போது, "இப்ப என்ன செய்யப்போறே தம்பி?" என்று கேட்டோம். வேறொரு மென்பொருளில் முதலிலிருந்து கோத்துக்கொண்டிருக்கிறாராம். பதினான்கில் ஆறு அடுக்கு முடிந்திருக்கிறது. தந்தையின் தவிலை மட்டும் மறுபடி பதியவேண்டியதில்லை, அந்தத் துண்டு கிடைத்துவிட்டது என்றார்.