ஏரிக்கு மேலே இருக்கும் புறம்போக்கு

ஆந்திராவிலிருந்து வரும் கிருஷ்ணா நீர் தமிழகத்துக்குள் நுழையும் இடம் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்ட். 1983-ல் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. வரவேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் அந்த அளவு வந்து சேர்ந்ததில்லை. ஊரை ஒட்டி ஓடும் ஆரணி ஆறோ, மழைக்காலத்தில் பிச்சாட்டூர் அணை திறந்தால் கரையோர ஊர்களை அச்சுறுத்தும். கோடையில் வெறும் மணல். நம் ஏரிகளை நம்பியிருக்கும் சென்னையின் கதையும் இதுதான். 2015 டிசம்பரில் மூழ்கியது, 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி மூழ்கியது.

காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால்தான் பல நாள் பெய்ய வேண்டிய மழை இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. அப்படிக் கொட்டுவதைப் பிடித்து வைக்க முடிந்த ஊர் பிழைக்கும். எதில் பிடிப்பது என்று கேட்டால் ஏரி என்போம். ஆனால் ஏரி பாதிதான். மீதிப் பாதி, அதற்கு மேலே இருக்கும் நிலம்.

ஊத்துக்கோட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையில் உள்ள தேர்வாய் கண்டிகையைப் பாருங்கள். ஊர்மக்கள் ஆடுமாடு மேய்த்து, விறகு பொறுக்கி வாழ்ந்த மேய்க்கால் நிலம் அங்கே இருந்தது. 2007-ல் அதில் 1,127 ஏக்கர் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது. அந்தப் புதர்க்காடுதான் தங்கள் ஏரிகளுக்கு நீர் தருகிறது என்று சொல்லி, பெரும்பாலும் தலித் குடும்பங்களான அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2009-ல் மிச்செலின் டயர் நிறுவனம் அங்கே ஆலை அமைக்க அரசுடன் ஒப்பந்தம் செய்தது. 2012-ல் விவகாரம் பிரான்ஸ் வரை சென்று, அந்நாட்டில் பன்னாட்டு நிறுவனங்கள் மீதான முறையீடுகளை விசாரிக்கும் அமைப்பின் முன் புகாராக நின்றது. ஆனால் காடு திரும்பவில்லை.

பிறகு அதே வட்டாரத்தில் தேர்வாய் கண்டிகை, கண்ணன்கோட்டை ஏரிகளை இணைத்து, 50 கோடி கன அடி கொள்ளளவில் சென்னைக்கான ஐந்தாவது நீர்த்தேக்கம் கட்டி, 2020 நவம்பரில் திறந்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நீரைத் தேக்கக் கரை கட்டிய அரசே, நீரைத் தாங்கிய மேய்க்காலைக் கைமாற்றியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

புல்லும் புதரும் உள்ள சரிவில் மழை விழுந்தால் வேர்கள் அதன் வேகத்தைக் குறைக்கும். பாதி மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளுக்குப் போகும். மீதி வரத்துக்கால்வாய் வழியாக மெதுவாக ஏரிக்கு வரும். அதே சரிவைச் சமன்செய்து கான்கிரீட் போட்டால் மொத்த நீரும் ஒரு மணி நேரத்தில் மண்ணை அள்ளிக்கொண்டு பாயும். ஏரி தூர்ந்து, கலங்கல் சீக்கிரமே வழிந்து, கீழே உள்ள வீடுகளுக்குள் தண்ணீர் போகும். மாசி பங்குனியிலேயே ஏரி காலி. வெள்ளமும் வறட்சியும் இரண்டு பிரச்சினைகள் என்று நினைக்கிறோம். இங்கே இரண்டுக்கும் காரணம் ஒன்று.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றும் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது அதே 2007-ல்தான். 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனால் அரசே வகை மாற்றி எழுதிக் கொடுத்தால் அது ஆக்கிரமிப்புக் கணக்கில் வராது. சிக்கல் இந்த இடத்தில்தான். நாம் தொழிற்சாலைக்கு எதிரிகள் அல்ல, நம் பிள்ளைகளும் அங்கே ஷிப்டுக்குப் போகிறவர்கள்தான். எந்த நிலத்தில் கட்டுவது என்பதே கேள்வி.

தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. உளூவில் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பயான்களில் அடிக்கடி கேட்கிறோம். அதே தண்ணீரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட புல்லைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை.

திருவள்ளூர் சாலையிலோ பெரியபாளையம் பக்கமோ மனை வாங்கப் போகும் குடும்பங்கள் பட்டாவோடு நின்றுவிட வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த சர்வே எண்ணுக்கும் அதைச் சுற்றியுள்ள எண்களுக்கும் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். ஓடை, ஏரி, மேய்க்கால் என்று பக்கத்து எண் காட்டினால், மழைநீர் எந்தப் பக்கம் போகும் என்பதை விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள். சுற்றுக் கிராமங்களில் இருப்பவர்கள், தங்கள் ஊர் மேய்க்கால் எத்தனை ஏக்கர், இப்போது யார் கையில் இருக்கிறது என்று கிராம சபையில் கேட்கலாம். பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லலாம். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் அந்தச் சபை, உலக தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கூடுகிறது.