நேரடி ஒளிபரப்பும் முன்னேற்பாடும்

2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் மாலை 6 மணி 4 நிமிடத்திற்குச் சந்திரயான்-3இன் இறங்குகலம் நிலவின் தென்முனையை அடுத்த பகுதியில் தரையிறங்கியது. பெங்களூரின் இஸ்ட்ராக் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து இணையத்தில் ஒளிபரப்பான அந்நிகழ்ச்சியை, யூடியூபில் மட்டும் ஒரே வேளையில் 80 இலட்சத்திற்கு மேற்பட்டோர் கண்டனர். பள்ளிகள் பலவும் மாணவர்க்கு அதனைக் காட்டின. இத்தகைய நிகழ்ச்சியின் பதிவைப் பின்னர்க் காட்டலாம். ஆயினும், முடிவு தெரியாத நிலையில் அறிஞரோடு சேர்ந்து காத்திருக்கும் வாய்ப்பைப் பதிவு தருவதில்லை. அவ்வாய்ப்புக் கைகூடுவது, அனுப்பும் நிலையத்தைப் போலவே ஏற்கும் இடத்தின் ஆயத்தத்தையும் பொறுத்ததாகும்.

இவ்வுண்மை நம் நாட்டிற்குப் புதியதன்று. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோள் வழியாகக் கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. வானில் கோள் ஒன்றே; தரையிலோ ஒவ்வொரு கிராமத்திலும் ஏற்பி, மின்வசதி, பழுது பார்ப்பவர், பெட்டியைப் பேணுபவர் ஆகிய அனைத்தும் வேண்டியிருந்தன. இணையம் வந்த பின்னரும் இத்தேவைகள் நீங்கவில்லை.

இணைப்பும் மின்சாரமும்

பெங்களூரின் சிவாஜிநகரை எடுத்துக்கொள்வோம். ரஸ்ஸல் சந்தையைச் சூழ்ந்த அந்நெருக்கமான பகுதியில் கைப்பேசிக் கோபுரம் ஒன்றின் அலைவரிசையைப் பல்லாயிரவர் பகிர்ந்துகொள்கின்றனர். யாவரும் ஒரே வேளையில் ஒரே காட்சியைக் காண முற்படின் ஒவ்வொருவர்க்கும் கிடைக்கும் பங்கு சுருங்கும். ஆகையால் கம்பிவழி இணைப்பே சிறந்தது. கைப்பேசி இணைப்பைத் துணையாக வைத்துக்கொள்ளலாம். நாற்பது மாணவர் நாற்பது கைப்பேசிகளில் காண்பதினும் ஒரே திரையில் கூடிக் காண்பது சுமையைப் பெரிதும் குறைக்கும். படம் தடைப்படுமாயின் அதன் தெளிவளவைக் குறைத்தல் வேண்டும். சற்று மங்கிய படம், நின்றுபோகும் படத்தினும் மேலானது.

மின்தடைக்கென இன்வெர்ட்டர் வைத்திருப்போர் பலர், கணினியையும் திரையையும் மட்டுமே அதனோடு இணைத்து, இணையம் தரும் ரூட்டரை மறந்துவிடுகின்றனர். ரூட்டர் அணைந்தால் மற்றவை இயங்கியும் பயனில்லை.

நிலவிலிருந்து வானொலி அலை வந்து சேர 1.3 வினாடி போதும். இணைய ஒளிபரப்போ மேலும் பல வினாடிகள் பின்தங்கக்கூடும். அடுத்த கட்டடத்துத் தொலைக்காட்சியிலிருந்து கைதட்டல் முன்னதாகவே கேட்கலாம். இதனை மாணவர்க்கு முன்பே கூறிவிட்டால், அதுவும் ஒரு பாடமாகும்.

மொழியும் விளக்கமும்

1975ஆம் ஆண்டின் ஏற்பாட்டில் ஒரே படத்துடன் இரு மொழிகளில் ஒலி அனுப்ப வழி இருந்தது. தமிழும் உருதும் கன்னடமும் கலந்து வழங்கும் சிவாஜிநகர் போன்ற இடங்களில் அப்பணியை ஆசிரியரே ஏற்றல் வேண்டும். வர்ணனையின் ஒலியை எப்போது தாழ்த்துவது, எவர் எம்மொழியில் விளக்குவது என்பன முன்கூட்டியே முடிவு செய்யப்பட வேண்டியவை.

தரையிறங்கும் வேளையில் திரையில் தோன்றுபவை பெரும்பாலும் கட்டுப்பாட்டு அறையும் வரைகோடுகளுமே. திட்டமிட்ட பாதையைக் காட்டும் கோடு எது, கலம் உண்மையில் சென்ற பாதையைக் காட்டும் கோடு எது, உயரமும் வேகமும் எவ்வாறு குறைதல் வேண்டும் என்பவற்றை முதல்நாளே கரும்பலகையில் வரைந்து விளக்குதல் நன்று. அவ்வறிவு பெறாத மாணவன் பிறர் கைதட்டக் கண்டு தானும் கைதட்டுவான். பெற்றவனோ கோட்டைக் கண்டே நிலைமையை உணர்வான்.

தோல்விக்கும் ஆயத்தம்

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் பின்னிரவில் சந்திரயான்-2இன் இறங்குகலம் 2.1 கிலோமீட்டர் உயரம் வரை திட்டமிட்டவாறு இறங்கியது. அதன்பின் அதனுடனான தொடர்பு அற்றது. வினாடி வினாப் போட்டியின் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளி மாணவர்கள் பெங்களூர் நிலையத்திலிருந்தே அதனைக் கண்டனர். நிகழ்ச்சியை நடத்துவோர் மறக்கலாகாத நாள் இது. நேரடி ஒளிபரப்பில் வெற்றி உறுதியன்று. அறிஞர்கள் மௌனமாக அமர்ந்திருக்கும்போது ஆசிரியர் என்ன கூறுவார்? திரையை அணைத்து மாணவரை வீட்டிற்கு அனுப்பிவிடின், தோல்வி நாணத்தக்கது என்பதே அவர்கள் கற்கும் பாடமாகும். கலம் எந்நிலை வரை ஒழுங்காக இயங்கிற்று, கிடைத்த தரவுகள் எவற்றை உணர்த்தும், அடுத்த முயற்சியில் எவை மாற்றப்படலாம் என்னும் வினாக்களை ஆசிரியர் முன்பே சித்தமாக வைத்திருப்பின், அவ்வேளையே சிறந்த அறிவியல் வகுப்பாகும். முதல் முயற்சியில் கற்றவற்றைக் கொண்டு கால்களை வலுப்படுத்தியும் மென்பொருளைத் திருத்தியும் செய்த மறுமுயற்சியே 2023இல் வெற்றி கண்டது.

ஆகவே, நிகழ்ச்சிக்கு முன்தினம் அதே நேரத்தில், அதே அறையில், அதே கருவிகளைக் கொண்டு ஒருமுறை ஒத்திகை பார்த்தல் இன்றியமையாதது. இணைப்புக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், விளக்கத்திற்கு ஒருவர் எனப் பொறுப்புகள் பிரிக்கப்படின், ஆசிரியரின் கவனம் கருவிகளிடம் சிக்காது மாணவரிடத்தே நிற்கும்.