தானியங்கிக்கு ஒரு கைவிசை

நிரல் களஞ்சியத்தில் மாற்றம் ஒன்று வந்து சேர்ந்ததும் சோதனைகள் தாமே ஓடுகின்றன. மென்பொருள் தொகுக்கப்பெற்று வழங்கியில் ஏறுகிறது. கிட்ஹப் நிறுவனம் 2018இல் அறிமுகம் செய்த 'ஆக்‌ஷன்ஸ்' ஏந்து இவ்வாறு இயங்குவது. நிகழ்வு நேர்ந்தால் பணிப்பாய்வு புறப்படும்.

ஆயின் முந்தைய பதிப்புக்கு மீள்வதும் தரவுத்தளத்தை மாற்றியமைப்பதும் நிகழ்வின் போக்கில் விடத்தக்கவை அல்ல. ஒருவர் எண்ணித் துணிந்து தொடங்கவேண்டியவை. தொடக்கக் காலத்தில் இதற்குத் திரையில் விசை ஏதும் இல்லை. எனவே எம்மாற்றமும் இல்லாத வெற்றுப் பதிவொன்றைக் களஞ்சியத்துள் செலுத்திப் பணிப்பாய்வை ஓடவைப்போர் இருந்தனர். களஞ்சியத்தின் வரலாற்றில் அப்பதிவுகள் களையென மண்டின. 2020 சூலையில் 'வொர்க்ஃப்ளோ டிஸ்பேட்ச்' என்னும் நிகழ்வு வந்தது. பணிப்பாய்வுக் கோப்பில் இப்பெயரை ஒரு வரியாக எழுதினால் போதும்; ஓட்டுவதற்கான பொத்தான் தோன்றும், எந்தக் கிளையில் ஓட்டுவது என்றும் கேட்கும்.

புதியவர் திகைக்கும் இடம் ஒன்றுண்டு. தம் கிளையில் அவ்வரியைச் சேர்த்திருப்பார்; பொத்தானோ தோன்றாது. முதன்மைக் கிளையிலும் அக்கோப்பு இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆனால் ஓடும்போது கைக்கொள்ளப்படுவது, தேர்ந்த கிளையிலுள்ள கோப்பின் வடிவமே. முரண்போலத் தோன்றினும் இது நல்ல ஏற்பாடுதான்: பொத்தான் வந்தபின், திருத்தங்களை முதன்மைக் கிளையில் கலக்காமலே சோதிக்கலாம்.

பொத்தானை அழுத்தும்போது பெறப்படும் உள்ளீடுகளில் இதனினும் நுண்ணிய பொறி உண்டு. 'வெள்ளோட்டம் மட்டும்' என்றொரு பெட்டியை வைத்து, அதைக் குறியிடாமல் விடுகிறோம் எனக் கொள்வோம். பழைய முறையில் நிகழ்வுத் தரவிலிருந்து அதைப் படித்தால், 'பொய்' என்னும் மதிப்பு ஆங்கில எழுத்துச் சரமாகவே கைக்கு வரும். வெற்றல்லாத சரம் எதுவாயினும் நிபந்தனையில் மெய்யெனக் கொள்ளப்படும். ஆகவே மெய்யாக நடக்கவேண்டிய பணி வெள்ளோட்டமாகவே முடிந்துபோகும், பிழைச்செய்தியும் எழாது. உள்ளீடுகளுக்கெனப் பின்னர் வந்த தனிச் சூழல், மெய், பொய் மதிப்புகளை அவ்வாறே காக்கிறது. இன்று அதையே ஆளவேண்டும்.

களஞ்சியத்தில் எழுதும் உரிமை உடையார்க்கே இப்பொத்தான் பணியும். அதுமட்டும் காவலாகாது. உள்ளீட்டை அப்படியே கட்டளை வரியுள் பதித்தால், சரத்தில் மறைந்துவரும் வேறொரு கட்டளையும் ஓடிவிடும். அதனால் உள்ளீட்டைச் சூழல்மாறியில் இட்டு, மேற்கோளுக்குள் வைத்து எடுத்தாள்வதே முறை. நேரடி வெளியீடாயின், நியமித்த சரிபார்ப்பாளர் ஒப்புதல் தரும்வரை அப்பணியை நிறுத்திவைக்கவும் அமைப்பில் இடமுண்டு.