பால் அட்டையில் தெரியும் பசுவின் வயிறு

அந்தக் காலத்தில் விடிகாலையில் தொழுவத்துக்குப் போகிறவரின் கண் முதலில் மாட்டின் மூக்கில் விழும். மூக்கு நனைந்து துளித்துளியாக வேர்த்திருந்தால் மாடு சுகம். காய்ந்திருந்தால் ஏதோ கோளாறு. அடுத்து, ராத்திரி போட்ட வைக்கோல் மீதி கிடக்கிறதா, கழுநீர்த் தொட்டி காலியா, சாணம் இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். காதைத் தொட்டுச் சூடு பார்ப்பார்கள். படுத்த மாடு அசைபோட்டால் கவலை விட்டது. இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம் மேடாகி, தட்டினால் தமுக்குபோல ஒலித்தால் வயிறு உப்பிவிட்டது. எண்ணெய் புகட்ட ஓடுவார்கள்.

இதில் எதையும் மருத்துவம் தள்ளிவிடவில்லை. நலமான பசு நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். இன்றும் தொழுவத்துக்கு வரும் மாட்டு டாக்டர் அதே இடது பள்ளத்தில்தான் கை முஷ்டியை அழுத்தி வைத்துக் கடிகாரத்தைப் பார்க்கிறார். உள்ளே முதல் இரைப்பை சுருண்டு எழும்பிக் கையைத் தள்ளும். இரண்டு நிமிடத்தில் இரண்டு, மூன்று முறை தள்ளினால் வயிறு வேலை செய்கிறது. கை அசையாமல் அப்படியே இருந்தால் செரிமானம் நின்றுவிட்டது.

பார்வை பழுதாகவில்லை. பசுதான் மாறிவிட்டது.

மேய்ந்து, வைக்கோல் தின்று, இரண்டு மூன்று லிட்டர் பால் கொடுத்த நாட்டு மாட்டின் உடம்புக்குப் பெரிய நெருக்கடி கிடையாது. 1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது. அதன்பின் ஜெர்சி, ஃபிரீசியன் கலப்பினங்கள் ஊர் ஊராகப் பரவின. பத்து லிட்டரும் அதற்கு மேலும் கறக்கும் பசு குடும்பத்துக்குச் சோறு போட்டது. பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அந்தப் பாலின் சுமையைத் தாங்குவது பசுவின் ரத்தம்.

பால் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். பசுவின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் ஓடுவது ஏறக்குறைய மூன்று கிராம் கால்சியம். பத்து லிட்டர் சீம்பாலில் வெளியேறுவதோ இருபது கிராமுக்கு மேல். எலும்பிலிருந்தும் தீவனத்திலிருந்தும் உடனே ஈடுகட்ட முடியாத பசு, கன்று ஈன்ற இரண்டு மூன்று நாளுக்குள் காது சில்லிட்டு, கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்துவிடும். கால்சியம் இறங்குவதே இதற்குக் காரணம் என்று 1925-இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் டிரையரும் கிரெய்கும் எடுத்துச் சொன்னார்கள். இன்று டாக்டர் வந்து நரம்பில் மெதுவாகக் கால்சியம் பாட்டில் ஏற்றினால், சாகக் கிடந்த பசு பெரும்பாலும் எழுந்து நின்றுவிடும்.

பால் காய்ச்சலாவது கண்ணுக்குத் தெரியும். இன்னும் இரண்டு கோளாறுகள் வெளியே தெரியாமல் வேலை செய்பவை. ஈன்ற சில வாரங்களில் தின்பது போதாமல் உடம்புக் கொழுப்பைக் கரைத்துப் பால் சுரக்கும் பசுவுக்கு ரத்தத்தில் கீட்டோன் சேர்ந்து கீட்டோசிஸ் வருகிறது. வைக்கோலைக் குறைத்து, கஞ்சியும் சோறும் அடர்தீவனமும் அதிகமாக வைக்கும் வீட்டில் வயிற்றில் அமிலம் ஏறுகிறது. பசு நிற்கிறது, தின்கிறது, கறக்கிறது. மூக்கும் நனைந்தே இருக்கிறது. பழைய அடையாளங்கள் தென்படும்போது நோய் முற்றியிருக்கும்.

அதனால் கருவிகள் வந்தன. நமக்குச் சர்க்கரை பார்ப்பதுபோல ஒரு சொட்டு ரத்தத்தில் கீட்டோன் பார்க்கலாம், லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தொட்டால் எச்சரிக்கை. அசைபோடுவதை எண்ணும் கழுத்துப்பட்டை உண்டு. இரைப்பைக்குள் கிடந்து அமில அளவை அனுப்பும் கருவியும் உண்டு. நூறு மாட்டுப் பண்ணைக்கு இவை கட்டுப்படியாகும். இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு?

அவரிடம் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. பால் சொசைட்டியில் பால் ஊற்றும்போது இயந்திரம் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) சொல்கிறது; அவை பால் அட்டையில் ஏறுகின்றன. அந்த எண்களைப் பணத்துக்காக மட்டுமே படிக்கிறோம். ஈன்று சில வாரமான பசுவின் பால் குறைந்து, கொழுப்பு திடீரென ஏறினால் விலை கூடியதென்று மகிழ்கிறோம். உண்மையில் கரைவது பசுவின் உடம்பாக இருக்கலாம். கொழுப்பு விழுந்தால் தண்ணீர் கலந்ததாகச் சந்தேகம் எழுகிறது. தண்ணீர் கலந்தால் இரண்டு எண்ணும் சேர்ந்து இறங்கும். எஸ்.என்.எஃப். நிலையாக நிற்க, கொழுப்பு மட்டும் விழுந்தால் வயிற்று அமிலத்தைச் சந்தேகிக்க வேண்டும். நார்த்தீவனம் செரித்துவரும் பொருளிலிருந்துதான் பால் கொழுப்பின் கணிசமான பகுதி உருவாகிறது. வைக்கோல் குறைந்தால் கொழுப்பும் குறையும். அந்த நேரத்தில் அடர்தீவனத்தை இன்னும் அள்ளி வைப்பது நோயை வளர்ப்பதாகும்.

வெயிலும் தீவன மாற்றமும்கூட இந்த எண்களை அசைக்கும். ஆகவே எண்ணைப் பார்த்து மருந்து கொடுக்கக் கூடாது. எண்ணைப் பார்த்து மாட்டைப் பார்க்க வேண்டும், சந்தேகம் வலுத்தால் டாக்டரை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண் அதற்காகவே இருக்கிறது.

புதிதாக ஈன்ற பசுவின் பாலை வாரம் ஒருமுறையாவது தனிப் பாத்திரத்தில் கொண்டுபோய்ச் சோதிக்கச் சொல்லுங்கள். சொசைட்டிகளும் விலையை எழுதித் தருவதோடு நிற்காமல், எண் திடீரென மாறிய நாளில் “மாட்டைக் கவனியுங்கள்” என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். இயந்திரம் வாங்கியாகிவிட்டது, எண்ணும் தினமும் வருகிறது. அதைப் பசுவுக்காகவும் படிக்கப் பழகினால், நோய் முற்றியபின் செய்யும் செலவில் ஒரு பகுதியாவது மிச்சமாகும்.