பட்டியில் நிற்கும் பசுவுக்கு எத்தனை கிலோ புல்?

"மாட்டுக்கு எவ்வளவு புல்லு போடுறீங்க?" என்று லயத்தில் யாரைக் கேட்டாலும், "காலையில ஒரு கட்டு, பொழுதுபட ஒரு கட்டு" என்றுதான் பதில் வரும். கட்டு என்பது ஓர் அளவே இல்லை. தகப்பன் கட்டுகிற கட்டு ஒரு மாதிரி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை கட்டுகிற கட்டு இன்னொரு மாதிரி. கொழுந்தில் அரைக் கிலோ குறைந்தால் கணக்கப்பிள்ளையிடம் நியாயம் கேட்கிறோம். மாட்டுக்குப் போடும் புல்லை மட்டும் ஒருநாளும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

மேயப்போகிற மாடு வயிறு நிறையும்வரை தானே தேடித் தின்னும். பேராதனை, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டங்களில் அதற்கு இடமில்லை. தேயிலை மலைக்குள் மாட்டை விடவும் முடியாது. ஆகவே பட்டியில் கட்டிய மாட்டுக்கு நாம் போட்டதுதான் சாப்பாடு. பால் குறைந்தவுடன் கடன்பட்டாவது புண்ணாக்கு வாங்கிப் போடுகிற குடும்பங்களைப் பார்க்கிறோம். ஆனால் அநேக பட்டிகளில் குறைவாக இருப்பது புண்ணாக்கு அல்ல, புல்லும் தண்ணீரும்தான். வயிறு நிறையாத பசு பால் குறைவதோடு நிற்காது. காலத்துக்குச் சினைக்கும் வராது. அதனால் ஒரு கன்றும், அதன்பின் வரும் பாலும் நமக்குக் கிடைக்காமல் போகிறது.

முதலில் மாட்டின் எடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். தராசு தேவையில்லை, தையல்காரர் வைத்திருக்கிற அங்குல நாடா போதும். மாட்டைச் சமமான தரையில் நிறுத்தி, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளக்கவும். பிறகு தோள்முனையிலிருந்து பின்புறத்து இடுப்பெலும்பின் முனைவரை நீளம் அளக்கவும். நெஞ்சளவை அதே அளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 300ஆல் வகுத்தால் எடை இறாத்தலில் வரும். அதை 2.2ஆல் வகுத்தால் கிலோ. நெஞ்சு 63 அங்குலம், நீளம் 55 அங்குலம் என்றால் சுமார் 727 இறாத்தல், அதாவது 330 கிலோ. கணக்குப் போட வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிடுங்கள். கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பாதகமில்லை.

அந்த எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் ஒரு நாளைக்கு வேண்டும். 330 கிலோ மாட்டுக்கு 33 கிலோ. இதோடு ஒவ்வொரு லீற்றர் பாலுக்கும் அரைக் கிலோ தீவனம் கொடுக்கிறோம் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு. தீவனம் வாங்க வசதியில்லாதவர்கள் புல்லை 45 கிலோவரை கூட்டிப் போட வேண்டும். அப்படியும் பால் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

பத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது? கறவைப் பசுவுக்குத் தண்ணீர் நீங்கலாக உடல் எடையில் நூற்றுக்கு 3 பங்கு உணவு தேவை. பச்சைப்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். குதிரைக்கு நூற்றுக்கு 2 பங்கு உலர்ந்த புல் போதும் என்பார்கள். நுவரெலியாவில் சவாரிக் குதிரை பராமரிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். குதிரை பால் கறந்து கொடுப்பதில்லையே!

மழை நாளில் கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு வெட்டுவது நமக்குத் தெரியும். மாட்டின் வயிறும் அப்படித்தான் கழிவு வெட்டும். மழையில் நனைந்த இளம்புல் 33 கிலோ நிறுத்தாலும், உள்ளே போகும் சத்து குறைவு. அன்றைக்கு நாலைந்து கிலோ கூட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் புல்லைக் கூரையடியில் பரப்பித் தண்ணீர் வடிந்தபின் போடுங்கள்.

புல்லை நிறுக்க ஒரு வழி இருக்கிறது. கொழுந்து மடுவத்தில் வேலை முடிந்தபின் தோட்டத்து அனுமதியோடு உங்கள் கட்டை ஒருமுறை தராசில் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கட்டு எத்தனை கிலோ என்று தெரிந்துவிட்டால் பிறகு கண்ணளவே போதும். காலையில் தொட்டியையும் பாருங்கள். துடைத்து வைத்தமாதிரி இருந்தால் போட்டது காணாது. ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி மிச்சம் இருந்தால் சரி. தண்டு மட்டும் குவிந்து கிடந்தால் புல் முற்றிவிட்டது என்று அர்த்தம். இரண்டு அங்குலத் துண்டாக வெட்டிப் போட்டால் வீண் குறையும்.

இவ்வளவு புல்லுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாள் முழுக்க மலையில் கொழுந்து பறித்துவிட்டு, புல்லுக்கட்டையும் தலையில் சுமப்பது பெரும்பாலும் பெண்கள்தான். ஆகவே லயத்துக்குப் பக்கத்திலேயே, தோட்டத்தில் கேட்டு, கோ-3 புல் நடுவது நல்லது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நேப்பியர் புல்லையும் நம் பாட்டன்மார் தின்ற கம்பையும் கலந்து உண்டாக்கிய புல் இது. நட்டு சுமார் 75 நாளில் முதல் வெட்டு, பிறகு 45 நாளைக்கு ஒருமுறை. குளிர் கூடிய மேல் மலைகளில் இன்னும் தாமதமாகும். சாணியை அதற்கே போடுங்கள். நடுகைத் தண்டு பற்றி உங்கள் பகுதி அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில் கேட்கலாம். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகமே பேராதனையில்தான் இருக்கிறது.

பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் நிற்கும் குவாட்டமாலா புல்லை வெட்டப் போய் தோட்டத்தில் பிரச்சினைப்படாதீர்கள். அது மண்ணுக்கு உரமாகவே நடப்படுகிறது, மாட்டுக்கும் சத்துக் குறைந்த புல். களைமருந்து அடித்த மலை எது என்று கங்காணியிடம் கேட்காமல் தேயிலைக்குள் புல் அறுக்கவும் வேண்டாம்.

தை, மாசி வறட்சியில் புல் காணாவிட்டால் வயற்காரரிடம் வைக்கோல் வாங்கலாம். ஒரு கிலோ வைக்கோல் ஐந்து கிலோ பச்சைப்புல்லின் அளவுக்கு வயிற்றை நிரப்பும், சத்து அந்தளவு இல்லை. அதனால் பாதியாவது பச்சையாக இருக்கட்டும், கிளிரிசீடியா இலையும் கொஞ்சம் சேருங்கள். வைக்கோல் தின்கிற நாட்களில் தண்ணீர் வாளி ஒருபோதும் காயக்கூடாது. கறவைப் பசு ஒன்று நாளைக்கு 50 லீற்றர்கூடக் குடிக்கும்.