டிராக்டர் பக்கெட்டால் வயலை மட்டம் பண்ணலாமா? டெல்டா ஸ்பெஷல்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். சென்னையில் ஐடி வேலை, சொந்த ஊர் ஒரத்தநாடு பக்கம். அப்பா டிராக்டருக்கு முன்னாடி லோடர் பக்கெட் மாட்டியிருக்கிறார். கோடையில் வண்டல் மண் அடிச்சு, அதே பக்கெட்டால் வயலையும் மட்டம் பண்ணிடலாம்னு ஐடியா. "பக்கெட் தாங்குமா ப்ரோ?" இதுதான் கேள்வி.

சுருக்கமான பதில்: மண்ணை அள்ளிப் பரப்புற வேலைக்குத் தாராளமாகத் தாங்கும். கடைசி ஃபினிஷிங் மட்டத்துக்கு அது சரியான கருவி கிடையாது. ஏன் என்பதைத்தான் இந்த எபிசோடில் பார்க்கப் போகிறோம்.

மட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். தஞ்சாவூர் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 3 மா. அந்த வயலின் ஒரு மூலை எதிர் மூலையைவிட 10 செ.மீ. உயரம்னு வைச்சுக்கோங்க. மேட்டில் 2 செ.மீ. தண்ணி நிற்கணும்னா பள்ளத்தில் 12 செ.மீ. நிற்கும். சராசரியா 5 செ.மீ. கூடுதல் தண்ணி. ஏக்கருக்கு சுமார் 2 லட்சம் லிட்டர். சென்னைத் தெருவுக்கு வர்ற 12,000 லிட்டர் லாரியில் கொண்டு வந்தால் கிட்டத்தட்ட 17 லாரி!

காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது ஆண்டுக்கு 177.25 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது சுமார் 2,831 கோடி லிட்டர். அதாவது மேடு பள்ளமான 1.4 லட்சம் ஏக்கர் ஒரே ஒரு தடவை நிரம்புறதுக்கே ஒரு டிஎம்சி கூடுதலாகப் போய்விடும். அது முழுக்க வீண்னு சொல்ல முடியாது, கொஞ்சம் நிலத்தடிக்கும் போகும். ஆனா அந்த நேரத்தில் கடைமடையில் காத்திருக்கிறவருக்கு அது போய்ச் சேராது. இன்னொரு பக்கம், மேட்டில் களை முளைக்கும், பள்ளத்தில் இளநாற்று முங்கி அழுகும்.

பக்கெட் ஏன் அலை அலையா விடுது?

இது சுத்தமான ஜியோமெட்ரி. டிராக்டரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2 மீட்டர், பக்கெட்டின் முனை முன் சக்கரத்திலிருந்து இன்னும் 2 மீட்டர் முன்னாடி என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரம் 5 செ.மீ. மேட்டில் ஏறினால் பக்கெட் முனை 10 செ.மீ. ஏறும். சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் முனை அதே மாதிரி இரண்டு மடங்கு இறங்கித் தோண்டும். அது தோண்டின பள்ளத்தில் அடுத்து அதே சக்கரம் இறங்கும். இன்னும் ஆழமாகத் தோண்டும். கோடு எழுதுறவங்களுக்குப் புரியும், பிழை தன்னைத் தானே பெருக்கிக்கிற ஃபீட்பேக் லூப் இது.

இப்போ பின்னாடி மாட்டுற லெவலர் பிளேடைப் பாருங்க. அது பின் சக்கரத்துக்கு 1 மீட்டர் பின்னால் இருந்தால், அதே 5 செ.மீ. மேட்டுக்கு 2.5 செ.மீ. மட்டும் அசையும். பக்கெட்டின் பிழையில் நான்கில் ஒரு பங்கு. வண்டி மிதித்துப் போட்ட தடத்தையும் அதுவே அழித்துக்கொண்டு வரும்.

எங்கே உடையும்?

முதல் இடம், பக்கெட்டைக் கவிழ்க்கிற டில்ட் சிலிண்டரின் ராடு. நிறைய பேர் பக்கெட்டை முழுசாகக் கவிழ்த்து, முனையைத் தரையில் குத்தி, ரிவர்ஸில் இழுப்பார்கள். அந்த நிலையில் ராடு முழு நீளத்துக்கு வெளியே நிற்கும். ரிவர்ஸ் வரும்போது முனை ஒரு வேரில் மாட்டினால், அந்த விசை நேராக ராடை அமுக்கும். ஒல்லியான கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால், வளையாமல் தாங்கும் அமுக்க விசை நான்கில் ஒரு பங்காகக் குறையும். காலேஜில் படிச்ச ஆய்லர் ஃபார்முலா ஞாபகம் வருதா? அதேதான். லீவர் நியூட்ரலில் இருந்தால் ஆயிலும் வெளியேற வழியில்லாமல் பூட்டியிருக்கும். ராடு வளையும்.

இரண்டாவது, லோடர் கைகள். பக்கெட்டின் ஒரு மூலை மட்டும் மோதினால் மொத்த ஃபிரேமும் முறுக்கும். டெல்டாவில் மோதுறதுக்குப் பொருளா இல்லை? எல்லைக்கல், போர் பைப், பனை அடிக்கட்டை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளின் கட்டைகள் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மண்ணுக்குள் இன்னும் இருக்கலாம். கட்டையை பக்கெட் முனையால் நெம்பாதீங்க. அது ஜேசிபி செய்ய வேண்டிய வேலை.

மூன்றாவது, முன் அச்சு. பக்கெட் நிறைய ஈர வண்டல் அள்ளினால் பாரம் முன்னாடி குவியும், பின் சக்கரம் லேசாகும். பின்னாடி எடை மாட்டணும். பக்கெட்டைத் தரையை ஒட்டித் தாழ்வாக வைத்துத்தான் ஓட்டணும். தூக்கிக்கொண்டு வரப்பு ஏறினால் வண்டி கவிழும். இங்கே பணத்தைவிடப் பெரிய இழப்பு இருக்கிறது, அப்பாகிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

அப்போ எப்படிப் பண்றது?

முதலில் அளவு. லேசர் இல்லாட்டியும் கொத்தனார் பயன்படுத்துற ட்யூப் லெவல் போதும். 10 மீட்டருக்கு ஒரு குச்சி நட்டால் ஏக்கருக்கு 40 குச்சி வரும். எது மேடு, எது பள்ளம்னு ஒரு பேப்பரில் குறிச்சுக்கோங்க.

அடுத்து, மண்ணை இளக்கணும். காய்ந்த டெல்டா களிமண் செங்கல் மாதிரி. பக்கெட்டால் அதை வெட்டவே கூடாது. உளுந்து எடுத்த பிறகு, லேசான ஈரம் இருக்கும்போது மேட்டுப் பகுதியைக் கல்டிவேட்டரால் உழுங்க. காலில் ஒட்டுற அளவு ஈரம் இருந்தால் காத்திருங்க.

இப்போ பக்கெட். முன்னோக்கிப் போகும்போது அடித்தகடு தரைக்கு இணையாக இருக்கட்டும். லீவரை ஃப்ளோட்டில் போடுங்க. அப்போ லோடர் கைகள் நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தானா ஏறி இறங்கும். ஆனா ஃப்ளோட் காப்பாற்றுவது தூக்குகிற சிலிண்டரை மட்டும்தான். டில்ட் சிலிண்டர் அப்போதும் பூட்டித்தான் இருக்கும். அதனால் ரிவர்ஸில் இழுக்கணும்னா பக்கெட்டைக் கொஞ்சமாகச் சாய்த்து, இளகின மண்ணை மட்டும் இழுங்க. பக்கெட்டை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்குற வித்தை வேண்டவே வேண்டாம்.

வேகம் நடை வேகம்தான். 4 கி.மீ. வேகத்தில் மோதுவதைவிட 8 கி.மீ. வேகத்தில் மோதினால் ஆற்றல் நான்கு மடங்கு.

இன்னொரு விஷயம், மேல்மண். ஒரே இடத்தில் ஆழமாகச் சீவினால் சத்தில்லாத அடிமண் வெளியே வரும், அந்த இடத்தில் பயிர் மஞ்சளடிக்கும். அதிகம் வெட்ட வேண்டியிருந்தால் மேல்மண்ணைத் தனியே குவித்து, பிறகு திரும்பப் பரப்புங்க.

ஃபினிஷிங் யாரிடம்?

இரண்டு வழி இருக்கு. ஒன்று லேசர் லெவலர். வயலோரம் முக்காலியில் சுழலும் லேசர், டிராக்டர் இழுக்கிற பெட்டிமேல் ரிசீவர். மேடு வந்தால் வால்வு திறந்து பெட்டி தானா இறங்கி வெட்டும், பள்ளம் வந்தால் ஏறி மண்ணைக் கொட்டும். பிழையைப் பெருக்காமல் குறைக்கிற ஃபீட்பேக் லூப். 2000களின் தொடக்கத்தில் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பரவத் தொடங்கிய தொழில்நுட்பம் இது. வாடகைக்கு என்னென்ன கருவி கிடைக்கும்னு வேளாண் பொறியியல் துறையில் கேளுங்க, உழவன் செயலியிலும் பார்க்கலாம்.

இரண்டாவது வழி நம்ம ஊர்ப் பரம்பு. கேஜ் வீல் போட்டு சேறடித்த வயலில் பலகை இழுக்கிறது. அங்கே லேசருக்குப் பதில் தண்ணீரே மட்டம் காட்டும். தலை தூக்குற இடம் மேடு, தண்ணி தேங்குற இடம் பள்ளம். சில செ.மீ. வித்தியாசத்தை இதுவே சரி செய்துவிடும். ஆனா அந்தச் சேற்றில் லோடரோடு இறங்கக்கூடாது. முன்பாரத்தில் சக்கரம் புதைந்து, தண்ணியைத் தாங்கிப் பிடிக்கிற அடிக் கெட்டித்தட்டையே உடைக்கும். சேற்றுக்கு முன்னாடி பக்கெட்டையும் கைகளையும் கழற்றி வைச்சிடுங்க.

ஆக, ஒரத்தநாடு நண்பரே, வரிசை இதுதான்: கோடையில் அளந்து, இளக்கி, பக்கெட்டால் பெரிய மேட்டை நகர்த்துங்க. பின் பிளேடோ லேசரோ வைத்து மட்டம் பிடிங்க. மிச்சத்தைப் பரம்புக்கு விடுங்க. மேட்டூர் வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12-க்கு முன்னாடி முதல் இரண்டும் முடிஞ்சிருக்கணும்.

உங்க ஊரில் வயலை எப்படி மட்டம் பண்றாங்க? வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு, அவங்க குரலிலேயே வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.